கடன் பத்திரமும் நெட்டால் கப்பலும்: எங்கள் கொள்ளுத்தாத்தா, போளூர் பக்கம், 1887

போளூரான்:

எங்கள் கொள்ளுத்தாத்தாவைப் பற்றிக் குடும்பத்தில் இரண்டு கதை உலவுகிறது. எங்கள் வீட்டில் சொல்வது: ஆள்பிடிக்க வந்தவன் ஆசை காட்டித் தென்னாப்பிரிக்காவில் இருக்கிற நெட்டாலுக்குக் கூலியாகக் கப்பலேற்றிவிட்டான், பாவம். பங்காளி வீட்டில் சொல்வது: கடனை அண்ணன் தலையில் கட்டிவிட்டு ஓடிப்போனான், நிலத்தை மீட்டது நாங்கள்தான். ஏரிக்குக் கீழே இருந்த நஞ்சை அவர்கள் கைக்குப் போனதற்கு இன்றுவரை இந்த இரண்டாவது கதைதான் ஆதாரம்.

பெரியப்பா காலமான பிறகு பரணில் இருந்த தகரப் பெட்டி என்னிடம் வந்தது. அதில் இரண்டு ஈட்டுப் பத்திரங்கள், அதாவது நிலத்தை அடகு வைத்துக் கடன் வாங்கிய பத்திரங்கள். பெயர்களைப் பொதுவில் போட விருப்பமில்லை. அண்ணனை மூத்தவர் என்றும், என் கொள்ளுத்தாத்தாவை இளையவர் என்றும் சொல்கிறேன்.

முதல் பத்திரம் ஈசுவர வருஷம் ஐப்பசி. 60 ரூபாய். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து வாங்கியிருக்கிறார்கள். ஈடாகக் காட்டியது அரைக் காணி நஞ்சை. இரண்டாவது விய வருஷம் மார்கழி, 130 ரூபாய், நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி. இதில் கடன் வாங்கியவர் இளையவர் மட்டும். மூத்தவர் சாட்சிகளில் முதல் ஆளாக நிற்கிறார். அதே நஞ்சைதான் ஈடு.

இரண்டாவது பத்திரத்தின் முதுகில் வரவுக் குறிப்புகள் வரிசையாக இருக்கின்றன. சர்வதாரி வருஷம் ஆடியில் 12 ரூபாய். அப்புறம் 8, 15, 20 என்று சீரில்லாமல் வருகிறது. சில வருஷம் ஒன்றுமே இல்லை. கடைசிக் குறிப்பு துன்முகி வருஷம் பங்குனி, 60 ரூபாய், 'பைசல்', அதாவது கடன் தீர்ந்தது என்று முடிகிறது. ஒவ்வொரு வரியிலும் பணம் கட்டியவர் 'இன்னார் பெண்சாதி' என்றே இருக்கிறது. அதாவது என் கொள்ளுப்பாட்டி.

என் தாத்தா பிறந்தது பார்த்திப வருஷம். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா போய்விட்டார் என்று அத்தை சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆக, பத்திரம் எழுதின மார்கழிக்கு அடுத்த தை, மாசியில் கப்பலேறியிருக்க வேண்டும். திரும்பி வரவே இல்லை.

பழைய பத்திரம் படிக்கத் தெரிந்தவர்கள், நெட்டால் விவகாரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது?

கர்ணம் வீட்டுப் பிள்ளை:

நல்ல பொருள் கிடைத்திருக்கிறது உங்களுக்கு. முதலில் வருஷக் கணக்கு. ஈசுவர என்றால் 1877-78. ஐப்பசி என்றால் 1877 அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடு வரை. விய மார்கழி 1886 டிசம்பர் அல்லது 1887 ஜனவரி. சர்வதாரி ஆடி 1888. துன்முகி பங்குனி 1897 மார்ச் அல்லது ஏப்ரல். அறுபது வருஷச் சுற்று என்பதால் பத்திரத்தில் இங்கிலீஷ் தேதியோ முத்திரைத்தாளோ கூட இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் 60 வருஷம் முன்னே பின்னே போய்விடும்.

கடனை ஏன் 1886ல் புதுப்பித்தார்கள்? ஈட்டுக் கடனுக்கு அன்றைய காலாவதிச் சட்டத்தில் 12 வருஷம். 1877ல் வாங்கிய கடனுக்கு 1889ஐ நெருங்கும்போது கொடுத்தவர் நெருக்க ஆரம்பித்திருப்பார். அசலும் நின்ற வட்டியும் சேர்த்து 130 என்று புதுப் பத்திரம் வாங்கியிருக்கிறார். இது அன்றாடம் நடக்கிற விஷயம்.

நான் கவனிக்கிற இரண்டு விஷயம் வேறு. ஒன்று, பழைய கடனில் இருவர்; புதுக் கடனில் ஒருவர், அண்ணன் சாட்சி. இடையில் பாகம் பிரித்திருக்கிறார்கள், கடனும் அந்த நஞ்சையும் தம்பி பங்கில் விழுந்திருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. சாட்சி போட்டதால் மட்டும் பத்திரத்தில் இருப்பதை எல்லாம் ஒப்புக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளாது. ஆனால் தன் நிலத்தைத் தம்பி தனியாக அடகு வைப்பதைப் பார்த்துக்கொண்டு எந்த அண்ணன் சாட்சி போடுவான்?

இரண்டாவது, கடன் தீர்ந்தால் மூலப் பத்திரம் கட்டினவர் கைக்குத் திரும்பும். அது உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. பங்காளி வீட்டார் மீட்டிருந்தால் அவர்கள் பரணில் அல்லவா இருக்க வேண்டும்?

செம்மண்:

கர்ணம் சார் தீர்ப்பே எழுதிவிட்டார். போளூரான், நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு பங்காளி மேல் கேஸ் போடப் போறீங்களா?

போளூரான்:

கேஸும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த நிலத்தில் இப்போது பாதி மனைப் பிரிவாகிவிட்டது. ஓடிப்போனவன் வம்சம் என்று ஒரு கல்யாணத்தில் ஜாடையாகப் பேசியதைக் கேட்டவன் நான். எனக்கு விவரம் தெரிந்தால் போதும்.

முத்திரைத்தாள் இருக்கிறது, சார். விக்டோரியா ராணி தலை. வருஷக் கணக்கு நீங்கள் சொன்னதுதான்.

பழைய வாத்தியார்:

1877 ஐப்பசி என்றதும் எனக்குத் தாது வருஷப் பஞ்சம்தான் நினைவுக்கு வந்தது. 1876ல் மழை பொய்த்தது. தாது வருஷம் முழுக்கவும் ஈசுவர வருஷத்தின் பாதி வரைக்கும் சென்னை மாகாணம் செத்துப் பிழைத்தது. 1877 ஜனவரி 1ஆம் தேதி டெல்லியில் விக்டோரியாவைச் சக்கரவர்த்தினியாக அறிவித்து தர்பார் நடந்துகொண்டிருந்த நேரத்தில் இங்கே கஞ்சித்தொட்டி வாசலில் ஜனங்கள் விழுந்து கிடந்தார்கள். நிவாரண வேலைக்குப் போன ஆணுக்கு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் என்று பஞ்சத்தைப் பார்க்க அரசாங்கம் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தது அப்போதுதான். நம் அளவில் அரைக் கிலோவுக்கும் குறைந்த தானியம், அதுவும் நாள் முழுக்க மண் சுமந்தவனுக்கு. சென்னையில் அடையாறையும் கூவத்தையும் இணைக்கிற பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்சத்து ஆட்கள் வெட்டியது.

வட ஆர்க்காடு ஜில்லாவில் 1871 கணக்கெடுப்பில் சுமார் 20 லட்சம் பேர். 1881ல் சுமார் 18 லட்சம். பத்து வருஷத்தில் ஏறவேண்டிய ஜனத்தொகை இரண்டு லட்சம் இறங்கியிருக்கிறது. செத்தவர்களும் உண்டு, ஊரைவிட்டுப் போனவர்களும் உண்டு, பிறக்காமலே போனவையும் உண்டு.

உங்கள் வீட்டுக் கடன் பஞ்சத்தின் உச்சத்தில் வாங்கியதல்ல. மழை திரும்பின பிறகு வாங்கியது. ஏரியில் தண்ணீர் வந்திருக்கும். விதைநெல் தின்று தீர்ந்திருக்கும். ஏரில் பூட்ட மாடு இருந்திருக்காது. பஞ்சத்தில் மனுஷருக்கு முன்னால் சாவது மாடுதான், வைக்கோலும் புல்லும் இல்லாமல். கிணற்றில் கவலை கட்டித் தண்ணீர் இறைக்கவும் உழவுக்கும் ஒரு ஜோடி மாடு வேண்டும். 60 ரூபாய்க்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று என் ஊகம். அப்போது இளையவருக்கு என்ன வயது?

போளூரான்:

பதினெட்டு, இருபது இருக்கலாம், வாத்தியாரய்யா. போகும்போது முப்பதுக்குள் என்பார் அத்தை. மாடு வாங்கின கடன் என்பது எங்கள் வீட்டுப் பேச்சிலும் உண்டு. வாங்கின மாட்டில் ஒன்று அடுத்த வருஷமே கோமாரியில் போய்விட்டதாம்.

செம்மண்:

நான் ஒரு சந்தேகத்தைக் கிளப்புகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். 'நெட்டாலுக்குப் போனார்' என்பதற்கு என்ன அத்தாட்சி? வட ஆர்க்காட்டு ஆட்கள் 1880களில் கூட்டம் கூட்டமாகப் போன இடம் கோலார். 1880களின் நடுவில் தங்கச் சுரங்கம் சூடு பிடித்தது. ஜோலார்பேட்டை வழியாக ரயிலே இருந்தது. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் தங்கவயலில் இருந்திருக்கிறார். அங்கிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பெண்டாட்டி கையில் காசு கொடுத்துவிட்டுப் போவது சுலபம். சுரங்கத்தில் செத்திருந்தால் திரும்பி வராததற்கும் காரணம் கிடைத்துவிடுகிறது. நெட்டால் என்பது பின்னால் சேர்ந்த பெருமையாக இருக்கலாம். சிலோன், ரங்கூன், பினாங்கு எல்லாவற்றையும் விட நெட்டால் கேட்க நன்றாக இருக்கிறது!

டர்பன் பேத்தி:

வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறேன். என் தமிழ் ஆயா சொல்லிக்கொடுத்த தமிழ், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். செம்மண் அண்ணா, நெட்டால் கேட்க நன்றாக இருக்கிறது என்கிறீர்கள், கரும்புத் தோட்டத்தில் நின்றவர்களுக்கு அது அவ்வளவு நன்றாக இருந்திருக்காது.

எங்கள் ஆட்கள் முதல் முதலில் வந்தது 1860 நவம்பர் 16. ட்ரூரோ என்ற கப்பல், சென்னையிலிருந்து 342 பேர். 1911 வரைக்கும் மொத்தம் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக. தமிழ், தெலுங்கு இரண்டும். 1866லிருந்து 1874 வரை கப்பல் நின்றிருந்தது. காலம் முடிந்து 1871ல் ஊர் திரும்பியவர்கள் அடி உதை, சம்பளப் பிடித்தம் என்று சென்னையில் புகார் சொன்னதால் ஒரு விசாரணைக் கமிஷன் போட்டார்கள், அப்புறம்தான் மறுபடி திறந்தார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா போனதாகச் சொல்கிற 1887 இரண்டாவது சுற்றில் வருகிறது.

ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறி ஐந்தாம் வருஷம் 14. அரிசி, பருப்பு, உப்புக் கருவாடு எல்லாம் தோட்டத்தில் கொடுக்க வேண்டும். நோயில் படுத்தால் சம்பளம் வெட்டு. தோட்டத்தைவிட்டுச் சீட்டு இல்லாமல் வெளியே போனால் ஜெயில். 1894ல் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலி முன்பல் உடைந்து ரத்தத்தோடு காந்தியிடம் போய் நின்றார் அல்லவா, அவரை அடித்தது டர்பனில் அவரை வேலைக்கு வைத்திருந்த முதலாளிதான்.

ஐந்து வருஷம் முடிந்தால் சுதந்திரம். பத்து வருஷம் முடிந்தால் ஊருக்குத் திரும்ப இலவசக் கப்பல். 1887ல் வந்தவருக்கு 1897ல் பத்து வருஷம் முடிகிறது. உங்கள் பத்திரத்தில் கடைசி 60 ரூபாய் அதே 1897 பங்குனியில் இருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கோலாரில் இருந்தவருக்குப் பத்து வருஷக் கணக்கு எதற்கு?

கப்பல் பட்டியல்கள் இங்கே பத்திரமாக இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர், பெயர், அப்பா பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள மச்சம் தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள். கணினியிலும் ஏற்றியிருக்கிறார்கள். இங்கிலீஷ்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதால் கிராமப் பெயரைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய பாடு. இளையவர் பெயரும் அவர் அப்பா பெயரும் தனிச்செய்தியில் அனுப்புங்கள், தேடிப் பார்க்கிறேன்.

செம்மண்:

அக்கா, அந்தப் பத்து வருஷக் கணக்கு எனக்கே இடிக்கிறது. ஆனால் ஒரு தேதி ஒத்துப்போவது மட்டும் போதுமா? அதுவும் பங்குனி மாதம் அறுப்பு முடிந்து ஊரில் காசு புழங்குகிற சமயம். கடன் அடைப்பது அப்போதுதான்.

கர்ணம் வீட்டுப் பிள்ளை:

பணக்கணக்கைப் பார்ப்போம். 1880களில் ரூபாயின் மதிப்பு ஷில்லிங்குக்கு எதிராகச் சரிந்துகொண்டே வந்தது. 10 ஷில்லிங் என்பது அன்றைய மாற்றில் ஆறு, ஏழு ரூபாய். சாப்பாடு தனி. இங்கே ஆண் கூலி நாளைக்கு இரண்டு, மூன்று அணா, அதுவும் வேலை இருந்தால். மாதம் முழுக்க வேலை கிடைத்தாலும் நாலைந்து ரூபாய், அதில்தான் சாப்பாடும். 130 ரூபாய்க்கு வருஷ வட்டி மட்டுமே 15 ரூபாய் 9 அணாவுக்கு மேல். ஊரில் இருந்து கூலிக்குப் போய் இந்தக் கடனை அடைக்க முடியாது, வட்டியோடு ஓடிக்கொண்டிருக்கலாம். இளையவருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கும். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு வட்டிக்கணக்கு விரல் நுனியில் இருக்கும்.

பத்திரம் எழுதிக் கொடுத்த சில வாரத்தில் கிளம்பினார் என்பதால் ஏமாந்து போனார் என்ற உங்கள் வீட்டுக் கதையும் எனக்கு ஒட்டவில்லை. ஏமாற்றித்தான் கூட்டிப்போனார்கள் என்பது பலருக்கு நடந்தது, மறுக்கவில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று தரகு வாங்கினவர்கள் சொல்லாத பொய் கிடையாது. ஆனால் இவர் ஒழுங்காகப் பத்திரத்தைப் புதுப்பித்து, அண்ணனைச் சாட்சி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அங்கே என்ன கஷ்டம் என்று தெரியாமல் போயிருக்கலாம், போகிறோம் என்று தெரிந்துதான் போயிருக்கிறார்.

ஆரணிக்காரி:

எல்லாரும் போனவரைப் பற்றியே பேசுகிறீர்கள். பத்திரத்தில் பணம் கட்டினவர் யார் என்று இருக்கிறது? அவருக்குப் பெயர்கூட எழுதவில்லை, 'பெண்சாதி' என்று மட்டும். பத்து வருஷம், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, கடன்காரர் வீட்டுத் திண்ணைக்குப் போய் நின்று, ஒவ்வொரு தடவையும் கட்டின பணத்தைப் பத்திரத்தின் முதுகில் எழுத வைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். எழுத வைத்தார் என்பதுதான் பெரிது. எழுதாமல் வாங்கிப் போட்டுக்கொண்டு, பின்னால் 'ஏது பணம்?' என்று கேட்ட கடன்காரர்கள் எத்தனை பேர்! படிக்கத் தெரியாத பெண்பிள்ளை என்றால் சொல்லவே வேண்டாம். இந்தம்மா யாரையோ கூட அழைத்துப்போய் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லியிருக்க வேண்டும்.

நெட்டாலிலிருந்து பணம் வந்திருக்கலாம், வரட்டும். மணியார்டர் இங்கே 1880லேயே தபாலில் வந்துவிட்டது. ஊர் திரும்புகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவதும் உண்டு. ஆனால் 8 ரூபாய், 12 ரூபாய் என்று சில்லறையாக வந்ததெல்லாம் கடல் தாண்டி வந்த பணமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் பாட்டி பால் மாடு வைத்து, புளி தட்டி விற்று, அறுப்புக்குப் போய் நெல்லாகக் கூலி வாங்கி, அதை விலை ஏறும்போது விற்று, இப்படித்தான் காசு சேர்த்தார். பெண் கூலி ஆண் கூலியில் பாதி. சின்னத் தொகைகள் அந்தம்மா உழைப்பு, கடைசி 60 ரூபாய்தான் கப்பலில் வந்தது என்பது என் கணக்கு.

போளூரான் அண்ணா, ஒரு கேள்வி. கேட்கலாமா தெரியவில்லை. அந்தப் பாட்டி கடைசிவரை தாலியோடு இருந்தாரா?

போளூரான்:

தாலியோடுதான் போனார், தங்கச்சி. காளயுக்தி வருஷம், விஷக்காய்ச்சலில். எங்கள் குடும்பத்தில் பூவாடைக்காரியாக வைத்துக் கும்பிடுவதே அவரைத்தான். தைப் பொங்கலுக்கு முன்னாலும் வீட்டில் கல்யாணம் என்றாலும் கரகம் ஜோடித்து, புதுச்சேலை வைத்துப் படையல் போடாமல் எதுவும் தொடங்குவதில்லை. பங்காளி வீட்டாரும் அந்தப் படையலுக்கு வருவார்கள், அது வேறு வேடிக்கை.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு: பூவோடும் மஞ்சளோடும், அதாவது சுமங்கலியாகச் செத்த பெண்ணைத்தான் எங்கள் பக்கம் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாக வைப்போம். விதவையாகச் செத்தவரை வைக்க மாட்டார்கள்.

நீங்கள் கேட்ட பிறகுதான் யோசிக்கிறேன். காளயுக்தி என்றால் 1918. கப்பலேறி 31 வருஷம். அப்போதும் இளையவர் உயிரோடு இருக்கிறார் என்று குடும்பம் எடுத்துக்கொண்டிருக்கிறது. வெறும் நம்பிக்கையா, இல்லை ஏதாவது தகவல் வந்துகொண்டிருந்ததா?

பழைய வாத்தியார்:

1918 விஷக்காய்ச்சல் உலகம் முழுக்க ஒரு சுற்று வந்தது, நம் கிராமங்களில் வீட்டுக்கு ஒருவரைக் கொண்டுபோனது. தேதி பொருந்துகிறது.

தகவல் விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். நெட்டாலில் ஒப்பந்தத்தில் இருந்தவர் இறந்தால் அவருடைய சம்பளப் பாக்கி, சேமிப்பு இருந்தால் வாரிசுக்குச் சேர்க்கச் சொல்லி அங்கிருந்து சென்னைக்கு எழுதுவார்கள். அது கலெக்டர் அலுவலகம் வழியாகக் கிராமத்துக்கு வரும். மணியக்காரர், கர்ணம் மூலம் விசாரிப்பார்கள். அப்படி ஒரு தாக்கீது வந்திருந்தால் ஊருக்கே தெரிந்திருக்கும், உங்கள் கொள்ளுப்பாட்டி பூவாடைக்காரி ஆகியிருக்க மாட்டார். அதனால் ஒப்பந்தக் காலத்தில் இறக்கவில்லை என்று ஓரளவு சொல்லலாம். ஒப்பந்தம் முடிந்து சுதந்திர ஆளாகிவிட்டவர் இறந்தால் இவ்வளவு ஒழுங்காக எழுதுவார்களா என்பது சந்தேகம்.

செம்மண்:

எனக்கும் ஒரு பாட்டன் உண்டு, ரங்கூனுக்குப் போனவர். எந்தத் தகவலும் வரவில்லை. எங்கள் பாட்டி தாலியைக் கழற்ற மறுத்துவிட்டார், அவ்வளவுதான். செத்த சேதி வராதவரைக்கும் எந்தப் பெண்ணும் கழற்ற மாட்டாள். பூவாடைக்காரியை வைத்து ஆள் உயிரோடு இருந்தார் என்று கணக்குப் போடாதீர்கள் வாத்தியாரே.

ஆனால் கோலார் வாதத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கோலாரில் இருந்திருந்தால் செத்த சேதி ஒரே வாரத்தில் வந்திருக்கும்.

டர்பன் பேத்தி:

தேடினேன். 1887 முதல் பாதியில் வந்த கப்பல்களில், வட ஆர்க்காடு ஜில்லா, போளூர் தாலுகா என்று, நீங்கள் அனுப்பிய பெயரோடு இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவருக்கு வயது 22, அப்பா பெயர் வேறு. இன்னொருவருக்கு வயது 28, அப்பா பெயர் கிட்டத்தட்ட நீங்கள் சொன்னதுதான், எழுத்து உருமாறியிருக்கிறது. கிராமப் பெயர் படிக்க முடியாத மாதிரி இருக்கிறது, முதல் எழுத்து பொருந்துகிறது. தனியாக வந்திருக்கிறார். நூறு ஆணுக்கு நாற்பது பெண் கப்பலில் இருக்க வேண்டும் என்பது விதி, ஆனாலும் பெரும்பாலோர் இப்படித் தனி ஆள்தான்.

இரண்டாமவர் எந்தத் தோட்டத்துக்குப் போனார் என்பதைத் தனிச்செய்தியில் சொல்கிறேன். திரும்பிப் போனவர்கள் கணக்கில் அந்த நம்பர் இல்லை. அதனால் இங்கேயே தங்கிவிட்டார். 1895ல் வந்த வருஷத்துக்கு மூன்று பவுண்டு தலைவரி பிற்பாடு வந்தவர்களைத்தான் ஊர் திரும்பவோ மறுபடி ஒப்பந்தத்தில் சேரவோ நெருக்கியது. முன்னால் வந்தவரை அது தொடவில்லை. அந்த மாதிரி ஆட்கள் டர்பனைச் சுற்றிக் கொஞ்சம் நிலம் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டார்கள், கூடையில் சுமந்து விற்றார்கள், ரயில்வேக்குப் போனார்கள்.

இங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்திருக்கலாம், அண்ணா. சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. நிறைய பேருக்கு இருந்தது. என் வம்சமே அப்படி வந்ததுதான். எங்கள் தாத்தாவின் அப்பாவுக்கு திருவண்ணாமலைப் பக்கம் ஒரு மனைவி இருந்தாள் என்று ஆயா ரகசியமாகச் சொல்வார். அங்கே உங்கள் மாதிரி யாராவது பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ என்னவோ.

இங்கே உம்பிலோ கோயிலில் திரௌபதி அம்மனுக்குத் தீமிதிப்பார்கள். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம். தெருக்கூத்தும் இருந்தது. எல்லாம் உங்கள் பக்கத்துச் சரக்குதான் என்று எனக்கு இந்த இழையைப் படித்த பிறகுதான் புரிகிறது. பூவாடைக்காரி பற்றி மட்டும் நான் கேள்விப்பட்டதில்லை.

ஆரணிக்காரி:

அக்கா, கரும்புத் தோட்டத்தில் இருந்துகொண்டே அவர் 60 ரூபாய் அனுப்பினாரா, அல்லது இன்னொரு குடும்பம் வைத்த பிறகு இந்தக் குடும்பத்துக்குக் கடைசியாக ஒரு கணக்குத் தீர்த்தாரா? இலவசக் கப்பல் கிடைக்கிற வருஷத்தில் ஆள் வரவில்லை, பணம் வந்திருக்கிறது. நான் கோபமாக இருக்கிறேன், சொல்லிவிட்டேன்.

கர்ணம் வீட்டுப் பிள்ளை:

கோபம் நியாயம்தான் தங்கச்சி, ஆனால் அந்த 60 ரூபாய் நெட்டால் பணம் என்பதே இன்னும் ஊகம்தான்.

போளூரானுக்கு அடுத்த வேலை நான் சொல்கிறேன். கடன் 1897ல் தீர்ந்திருக்கிறது, பத்திரம் உங்கள் வீட்டில் இருக்கிறது. அப்படியும் நிலம் பங்காளி கைக்குப் போனது எப்படி? ஆள் ஊரில் இல்லை, மகன் சின்னப் பையன். அந்த நிலைமையில் பட்டா மூத்தவர் பெயரிலேயே நின்றிருக்கும், கிஸ்தி, அதாவது நிலவரி, அவர் பெயரில் கட்டப்பட்டிருக்கும். பணத்தை உங்கள் கொள்ளுப்பாட்டி கொடுத்தாலும் கிராமக் கணக்கில் பட்டாதாரர் பெயர்தான் ஏறும். இரண்டு தலைமுறை இப்படிப் போனால் அனுபவமும் காகிதமும் ஒரே பக்கம் சேர்ந்துவிடும். இதில் அயோக்கியத்தனம் இருந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

நிலவரி நிர்ணயித்தபோது எழுதிய பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டில் அந்தச் சர்வே எண்ணுக்கு யார் பட்டாதாரர் என்று பாருங்கள். 1980ல் கர்ணம், மணியம் பதவிகளை எடுத்தபோது பல ஊர்களில் பழைய கணக்குகள் சரியாகக் கைமாறவில்லை, அதனால் கிராமத்தில் கேட்டுப் பிரயோஜனமில்லை. மாவட்டப் பதிவறையிலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் மனு கொடுங்கள். சர்வே எண் பத்திரத்தில் இருக்கிறதா?

போளூரான்:

இருக்கிறது, சார், இரண்டாவது பத்திரத்தில். கூடவே நான்கெல்லையும் எழுதியிருக்கிறார்கள்: வடக்கே வாய்க்கால், கிழக்கே மூத்தவர் நிலம். கிழக்கே மூத்தவர் நிலம் என்று தனியாகக் குறித்திருப்பதால் பாகம் பிரிந்தது உறுதி, நீங்கள் சொன்னதுதான் சரி. மூத்தவர் அதற்குக் கீழேதான் சாட்சி போட்டிருக்கிறார்.

தங்கச்சி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. டர்பன் அக்கா, 28 வயதுக்காரர் பெயருக்கு எதிரே மச்சம், தழும்பு பகுதியில் என்ன எழுதியிருக்கிறது? என் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் எனக்கும் ஒரே இடத்தில் ஒரு மச்சம் உண்டு. எந்த இடம் என்று இங்கே சொல்ல மாட்டேன். நீங்கள் முதலில் சொல்லுங்கள்.

செம்மண்:

ஆமாம், இந்தச் சோதனை சரி. அக்கா சொல்லும்வரை போளூரான் யாருக்கும் தனிச்செய்தியில்கூட சொல்லிவிடக் கூடாது.

டர்பன் பேத்தி:

நான் பார்த்தது கணினியில் ஏற்றிய சுருக்கம், அதில் அந்தப் பகுதி காலியாக இருக்கிறது. மூலப் புத்தகத்தைப் பார்த்தால்தான் தெரியும். என் சித்தி மகன் டர்பனில் ஆவணக் காப்பகம் பக்கம்தான் வேலை செய்கிறான், அவனைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் இங்கேயே போடுகிறேன்.